அத்தியாயம் 4: கனடாவில் எந்த ஊர்?

விசா கைக்கு வந்த வீட்டில் ஊரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "ஸ்கார்பரோவில் சித்தப்பா இருக்கிறார், அங்கேயே போய் இறங்கிக்கொள்ளலாம்." இறங்குவதற்குச் சித்தப்பா வீடு நல்ல இடம்தான். முதல் மாதம் சாப்பாடு, படுக்க ஓர் அறை, வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் கூட வர ஒரு ஆள் என்று அந்த வீடு தருவதற்கு ஈடே இல்லை. ஆனால் அந்த முதல் மாதம் அப்படியே பத்து வருடமாக நீண்டுவிடுகிறது. ஊரில் பாலம் கட்டிய பொறியாளர் டொரன்டோ புறநகர்க் கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். அவருடைய வேலைக்கு ஆள் தேடும் ஊர் இரண்டு மாகாணம் தள்ளி இருக்கும். அதன் பெயரை அவரிடம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் அளவு மனதில் பதியட்டும். கனடாவின் பரப்பு ஏறக்குறைய ஒரு கோடி சதுர கிலோமீட்டர், இந்தியாவைப்போல மூன்று மடங்கு. மக்கள்தொகை 2023-ல்தான் 4 கோடியைத் தொட்டது. தமிழ்நாட்டில் இருப்பவர்களில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் அமெரிக்க எல்லையை ஒட்டிய நீண்ட பட்டையில் வாழ்கிறார்கள். கிழக்கே செயின்ட் ஜான்ஸுக்கும் மேற்கே வான்கூவருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ஒரே மாகாணத்துக்குள், டொரன்டோவிலிருந்து தண்டர் பே போக 1,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பும் தூரம். ஆகவே "கனடாவில் வேலையே இல்லை", "கனடாவில் வாடகை கட்டுப்படியாகாது" என்று யாராவது சொன்னால், அவர் எந்த ஊரிலிருந்து சொல்கிறார் என்று கேளுங்கள். அது அவருடைய ஊரைப் பற்றிய செய்தி. உங்கள் ஊர் வேறாக இருக்கலாம்.

மாகாணமே முதல் முடிவு

நம் ஆட்கள் நேராக நகரத்தைத்தான் யோசிக்கிறார்கள். மாகாணத்தை முதலில் யோசியுங்கள். மருத்துவக் காப்பீடு, பள்ளி, வாடகைச் சட்டம், ஓட்டுநர் உரிமம், தொழில் உரிமம், விற்பனை வரி என்று அன்றாட வாழ்வைத் தொடும் ஏறக்குறைய எல்லாமே பத்து மாகாணங்களில் பத்து விதமாக இருக்கின்றன. கடையில் 100 டாலர் சாமான் வாங்கினால் ஆல்பர்ட்டாவில் வரி 5 டாலர், ஒன்டாரியோவில் 13 டாலர். மருத்துவ அட்டை ஒன்டாரியோவில் வந்த உடனே கிடைக்கிறது; அங்கிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020-ல் நீக்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ வந்த மாதத்தின் மீதி நாட்களும் அதற்குமேல் இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும். கர்ப்பிணியாக இருப்பவரோ சர்க்கரை நோயாளியோ குடும்பத்தில் இருந்தால், அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீட்டை இங்கிருந்தே எடுத்துவிடுங்கள்.

சிலருக்கு மாகாணம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். மாகாண நியமனம் கிடைத்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி கணக்கில் 600 மதிப்பெண் சேர்கிறது என்பதால் பலர் அந்த வழியில்தான் வருகிறார்கள். அட்லாண்டிக் கரையின் நான்கு மாகாணங்களுக்கென்று, அங்குள்ள முதலாளியின் வேலை உத்தரவாதத்தோடு வரும் திட்டம் தனியாக இருக்கிறது. 2017-ல் சோதனையாகத் தொடங்கி 2022-ல் நிரந்தரமாக்கப்பட்டது. இந்த வழிகளில் விண்ணப்பிப்பவர், அந்த மாகாணத்தில் வாழப்போகிறேன் என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்.

இங்கே ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். "மனிட்டோபா பெயரில் பி.ஆர். வாங்கிக்கொண்டு நேரே டொரன்டோ போய்விடு, யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சில ஏஜென்டுகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிரந்தர வாசிகள் எந்த மாகாணத்திலும் குடியேறலாம் என்று 1982-ல் வந்த உரிமைச் சாசனத்தின் ஆறாவது பிரிவு சொல்வது உண்மை. ஆனால் அங்கே குடியேறும் எண்ணமே இல்லாதபோது அது இருக்கிறது என்று எழுதிக்கொடுப்பது பொய்த் தகவல் தருவது. அது பின்னால் பி.ஆர். நிலையையே கேள்விக்கு உள்ளாக்கலாம். நாளை அதே வழியில் விண்ணப்பிக்கப்போகிற நம் பிள்ளைகளுக்கும் கதவு சாத்தப்படும். வாழ மனமில்லாத மாகாணத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். விண்ணப்பித்தால் போய் முழு மனதோடு வேலை தேடுங்கள். உண்மையாகவே கிடைக்கவில்லை என்றால் நகர்வதில் தவறில்லை. முயன்றதற்கான கடிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கியூபெக் தனிக் கதை. 1991 ஒப்பந்தப்படி தொழில்வழிக் குடியேறிகளை அந்த மாகாணமே தேர்ந்தெடுக்கிறது. குடியேறியவர்களின் பிள்ளைகள் பொதுவாக பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். 1977-ல் வந்த சட்டம் அது. 2022-ல் வந்த சட்டம், புதிதாக வந்தவர்களோடு ஆறு மாதத்துக்குப் பின் அரசு, சில விலக்குகள் தவிர, பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ளும் என்கிறது. மான்ட்ரியாலில் வாடகை டொரன்டோவைவிடக் குறைவு, விமானத் தொழிலும் கணினி விளையாட்டுத் தொழிலும் வலுவாக இருக்கின்றன, நம்மவர்களும் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். பிரெஞ்சு கற்பதில் உங்களுக்கு உண்மையான ஆசை இருந்தால் அது அருமையான ஊர். வேண்டாவெறுப்பாகக் கற்கலாம் என்றிருந்தால் போகாதீர்கள்.

உங்கள் தொழிலை எங்கே ஏற்கிறார்கள்?

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

குடியேற்ற விண்ணப்பத்துக்காக உங்கள் பட்டத்தை மதிப்பிட்டு வாங்கிய அறிக்கை, மதிப்பெண் கணக்குக்கு மட்டும்தான் பயன்படும். அது தொழில் செய்ய அனுமதி ஆகாது. செவிலியர், மருத்துவர், மருந்தாளுநர், ஆசிரியர், பொறியாளர், எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்கு அனுமதி தருவது அந்தந்த மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பு. ஒரே படிப்புக்கு ஒரு மாகாணம் ஒரு தேர்வு போதும் என்னும், இன்னொன்று இரண்டு பாடங்களைத் திரும்பப் படி என்னும். விதிகள் மாறவும் செய்கின்றன. ஒன்டாரியோவின் பொறியாளர் அமைப்பு கனடா அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனையை 2023 மே மாதம் கைவிட்டது. அதற்கு முன் வந்த பலருக்கு அந்த ஒரு நிபந்தனையே பெரிய சுவராக நின்றது. ஆகவே மூன்று மாகாணங்களைத் தேர்ந்தெடுத்து, மூன்றின் ஒழுங்குமுறை அமைப்புக்கும் ஊரில் இருக்கும்போதே எழுதிக் கேளுங்கள். என்னென்ன ஆவணம், எந்தத் தேர்வு, எவ்வளவு கட்டணம், வழக்கமாக எத்தனை மாதம் என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்ப வேண்டிய சான்றிதழ்கள் இருக்கும். அங்கே போனபிறகு இங்குள்ள பல்கலைக்கழக அலுவலகத்தை அசைப்பது எவ்வளவு பாடு என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது முக்கியமான சங்கதி. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கனடிய சுதந்திர வணிக ஒப்பந்தத்தின்படி, ஒரு மாகாணத்தில் முழு உரிமம் பெற்றவரை மற்ற மாகாணங்கள், சில விதிவிலக்குகளோடு, திரும்பப் பயிற்சி கேட்காமல் ஏற்க வேண்டும். எலக்ட்ரீஷியன், வெல்டர், பிளம்பர் போன்ற கைத்தொழில்களில் ரெட் சீல் முத்திரை இருந்தால் நாடு முழுக்கச் செல்லும். கடினம் முதல் உரிமத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது மாகாணத்துக்குப் பெரும்பாலும் விண்ணப்பமும் கட்டணமும் போதும். அப்படியென்றால் முதல் ஊரைத் தேர்வு செய்யும் அளவுகோலும் மாறிவிடுகிறது. எங்கே வாழப் பிடிக்கும் என்பது இரண்டாவது கேள்வி. எங்கே முதல் உரிமம் விரைவாகக் கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. சஸ்காட்செவனில் இரண்டு குளிர்காலம் பொறுத்து உரிமத்தோடு டொரன்டோ வரும் செவிலியர், டொரன்டோவிலேயே உரிமமின்றி ஐந்து வருடம் காத்திருப்பவரைவிட எல்லா வகையிலும் நல்ல நிலையில் இருப்பார்.

மருத்துவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பயிற்சி இடங்கள் எல்லா மாகாணத்திலும் குறைவு. இடம் கிடைத்தாலும் ஒன்டாரியோ போன்றவை பயிற்சிக்குப் பின் ஐந்து வருடம் அங்கேயே சேவை செய்ய ஒப்பந்தம் கேட்கின்றன. இதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசிய பிறகு கிளம்புங்கள்.

கணினித் துறையினருக்கும் கணக்கு, விற்பனை, அலுவலக வேலை செய்பவர்களுக்கும் பெரும்பாலும் உரிமத் தொல்லை இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது எந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது என்பதை. வங்கி, காப்பீடு என்றால் டொரன்டோ. மென்பொருள் என்றால் டொரன்டோ, வாட்டர்லூ, வான்கூவர், மான்ட்ரியால். மத்திய அரசு வேலை ஒட்டாவாவில் குவிந்திருக்கிறது, மேல்நிலைப் பதவிகளுக்கு பிரெஞ்சும் வேண்டும். கால்கரி எண்ணெய்க் கம்பெனிகளின் தலைமையிடம், சட்பரி நிக்கல் சுரங்கம், வின்ட்சர் கார்த் தொழிற்சாலை, சஸ்காட்டூன் பொட்டாஷ் உரம். ஒரே பொருளை நம்பும் ஊர் அந்தப் பொருளோடு ஏறும், அதோடு இறங்கும். 2014-ன் பிற்பகுதியில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது கால்கரியில் அலுவலகக் கோபுரங்களே காலியாகின. கணவன், மனைவி இருவரும் ஒரே துறை என்றால் அப்படிப்பட்ட ஊரைத் தவிர்ப்பது நல்லது.

காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கனடா அரசின் ஜாப் பேங்க் தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று உண்டு. உங்கள் விண்ணப்பத்திலும் அதே எண்தான் இருக்கும். அதைப் போட்டால் ஒவ்வொரு பகுதியிலும் அந்த வேலைக்கு மணிக்கு என்ன சம்பளம், அடுத்த சில ஆண்டுகளில் வாய்ப்பு எப்படி என்று காட்டும். வாடகைக்கு, மத்திய அரசின் வீட்டுவசதிக் கழகமான சி.எம்.எச்.சி. ஆண்டுதோறும் ஊர்வாரியாக அறிக்கை வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வரிக்கு முந்திய வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் என்று வைத்தால் மாதம் 1,500 டாலர். அந்தத் தொகைக்கு வான்கூவரிலும் டொரன்டோவிலும் ஒரு படுக்கையறை வீடு தனியாகக் கிடைப்பது அரிது, பேஸ்மென்ட்தான். எட்மன்டனிலும் வின்னிபெக்கிலும் தேடினால் கிடைக்கும். சம்பளம் டொரன்டோவில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அந்தக் கூடுதல் வாடகையின் வித்தியாசத்தை ஈடுகட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். பல தொழில்களில் ஈடுகட்டாது.

பலரும் மறந்துவிடுவது கார்க் காப்பீடு. ஒன்டாரியோவில் தனியார் கம்பெனிகள் அஞ்சல் குறியீட்டைப் பார்த்துத் தொகை வைக்கின்றன. பிராம்ப்டன் போன்ற இடங்களில் புதிதாக வந்தவருக்கு அது மலைக்க வைக்கும். பிரிட்டிஷ் கொலம்பியா, சஸ்காட்செவன், மனிட்டோபா மூன்றிலும் அடிப்படைக் காப்பீட்டை அரசு நிறுவனமே நடத்துகிறது. எங்கே போனாலும் ஊரில் எத்தனை வருடம் வண்டி ஓட்டினீர்கள் என்பதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். உரிமத் தேர்வுக்கான காத்திருப்பு அதனால் குறையலாம்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மாகாணச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையை மட்டும் முன்பணமாகக் கேட்கலாம். சேதத்துக்கென்று தனிப் பணமோ, ஆறு மாத வாடகை முன்கூட்டியோ கேட்க உரிமை இல்லை. புதிதாக வந்தவர்களிடம் கேட்டு வாங்குகிறார்கள் என்பது வேறு. 2018 நவம்பர் 15-க்குப் பின் முதன்முதலாகக் குடிபுகப்பட்ட வீடுகளுக்கு அங்கே ஆண்டு வாடகை உயர்வின் உச்சவரம்பு பொருந்தாது. பளபளக்கும் புதுக் கட்டடத்தில் அடுத்த வருடம் வாடகை எவ்வளவு ஏறும் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆல்பர்ட்டாவில் உச்சவரம்பு என்பதே கிடையாது, வருடத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம் என்பது மட்டும் உண்டு. பேஸ்மென்ட் எடுத்தால் நகராட்சி அனுமதி பெற்றதா, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். சொந்தக்காரர் வீடு என்று சங்கடப்பட்டுக் கேட்காமல் விடாதீர்கள்.

நம்மவர்கள் இருக்கும் ஊர்

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 150-க்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்களைக் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவரும் மற்ற மீனவர்களும் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். அங்குள்ள மக்கள் அன்போடு வரவேற்றார்கள். ஆனாலும் வந்தவர்கள் சில நாட்களிலேயே மான்ட்ரியாலுக்கும் டொரன்டோவுக்கும் போனார்கள். உறவினர், மொழி, வேலை மூன்றும் அங்கே இருந்தன. 1983-க்குப் பின் வந்தவர்கள் கட்டியெழுப்பிய அந்த உலகம் இன்று ஸ்கார்பரோவிலிருந்து மார்க்கம், ஏஜாக்ஸ் வரை விரிந்திருக்கிறது. கோயில், தமிழ்ப் பள்ளி, வக்கீல், பல் மருத்துவர், சாவு வீட்டுக்கு ஆள் என்று எல்லாம் தமிழிலேயே கிடைக்கும். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கை இருக்கிறது. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக நாடாளுமன்றமே 2016-ல் ஏற்றது.

இதை இலேசாக எண்ணக்கூடாது. கூட வரும் வயதான அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றால், அவர் வாழ்வு முழுவதும் இந்த ஒரு தேர்வில் தங்கியிருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் பேச ஒரு ஆள் இல்லாத ஊரில் அவரைக் கொண்டுபோய் வைத்தால், நாம் வேலைக்குப் போகும் பத்து மணி நேரமும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால், மேலே சொன்ன கணக்கில் கொஞ்சம் நஷ்டப்பட்டாலும் நம்மவர்கள் அடர்த்தியாக இருக்கும் இடத்தை எடுங்கள். இளம் தம்பதியர், தனியாள், சிறு குழந்தைகள் உள்ளவர்கள் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. கால்கரியிலும் எட்மன்டனிலும் வின்னிபெக்கிலும் அரிசி, தேங்காய், கறிவேப்பிலை கிடைக்கும். தமிழ்ச் சங்கமும் பொங்கல் விழாவும் இருக்கும். சிறிய சமூகத்தில் புதிதாக வந்தவரை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

வேலை விஷயத்தில் சொந்தக்காரர்களின் யோசனையை மரியாதையோடு கேட்டு, சரிபார்த்தபின் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் வந்த காலத்து டொரன்டோவில் இருந்த வாடகையும் வீட்டு விலையும் இன்று இல்லை.

குளிரைவிட இருட்டு

எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வின்னிபெக்கில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 16-ஐ ஒட்டியிருக்கும். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையத் தொடங்கும். எட்மன்டனில் இரவில் கார் எஞ்சினைச் சூடாக வைக்க பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் மாட்டி வைப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் உடையும் கருவியும் இருக்கின்றன. முதல் வருடத்திலேயே பழகிவிடும். மலையிலிருந்து இறங்கும் சினூக் என்ற வெதுவெதுப்பான காற்று கால்கரியில் நடுக்குளிர்காலத்திலும் பனியை உருக்கிவிடுவது உண்டு. வான்கூவரில் பனி அபூர்வம், மழைதான் மாதக்கணக்கில்.

பழக நாளாவது இருட்டு. டிசம்பரின் பிற்பகுதியில் டொரன்டோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, எட்மன்டனில் ஏழரை மணி நேரம்தான். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்பும் மாதங்கள் அவை. மனச்சோர்வு முன்பே இருந்தவர்கள் இதை ஊர்த் தேர்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். இயன்றவரை குளிருக்கு முன்பே, மே முதல் ஆகஸ்டுக்குள் போய் இறங்குங்கள். வேலையும் வீடும் தேட நடக்க முடியும், பிள்ளைகள் செப்டம்பரில் பள்ளியில் சேரலாம்.

தெரு

மாகாணமும் நகரமும் முடிவான பிறகு தெருவுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். முதல் வருடத்துக்கு ஒரே விதி: கார் இல்லாமல் வாழக்கூடிய இடம். அரசுப் பள்ளிகள் வீட்டு முகவரியை வைத்தே சேர்த்துக்கொள்கின்றன என்பதால் எந்தப் பள்ளி எல்லைக்குள் வீடு வருகிறது என்று பள்ளி வாரியத்தின் தளத்தில் பாருங்கள். வேலை இடத்துக்குப் பேருந்தில் எவ்வளவு நேரம் என்பதைக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், வரைபடத்தை நம்பாதீர்கள். ஸ்கார்பரோவின் இலகு ரயில் பாதை 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம்புரண்டதோடு நிரந்தரமாக மூடப்பட்டது. அதை நம்பி வீடு எடுத்தவர்கள் அன்றிலிருந்து பேருந்தில்தான் போகிறார்கள். வீடு கிடைத்த வாரமே குடும்ப மருத்துவருக்கும் டே கேருக்கும் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுங்கள். இரண்டுமே எல்லா மாகாணத்திலும் நீளமானவை. நிரந்தர வாசிகளுக்கு அரசு செலவில் இலவச மொழி வகுப்பும் குடியேற்ற உதவி மையமும் உண்டு. அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதும் தெருவைத் தேர்வு செய்ய நல்ல காரணம்.

இரண்டாவது முறை நகர்வது

முதல் ஊர் சரிப்படவில்லை என்றால் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் முன், சொந்த வீடு வாங்கும் முன் நகர்ந்துவிடுங்கள். ஒன்டாரியோவில் வீட்டைக் காலிசெய்ய 60 நாள் எழுத்து அறிவிப்பு தர வேண்டும், ஒப்பந்தக் காலம் முடியும் தேதியையும் பார்க்க வேண்டும். புதிய மாகாணத்தின் மருத்துவக் காப்பீடு தொடங்க மூன்று மாதம் வரை ஆகலாம், அதுவரை பழைய மாகாணத்தின் அட்டையே செல்லும். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்த வருடம் முழுவதற்குமான மாகாண வருமான வரி, டிசம்பர் 31 அன்று நீங்கள் எந்த மாகாணத்தில் வசித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. வரி குறைந்த மாகாணத்துக்குப் போகிறவர் டிசம்பர் முடிவதற்குள் போவது லாபம், வரி கூடிய மாகாணத்துக்குப் போகிறவர் ஜனவரி வரை பொறுக்கலாம். ஊரிலிருந்து கனடாவுக்கு வந்த செலவுக்குப் பொதுவாக வரிக் கழிவு கிடையாது. கனடாவுக்குள்ளேயே புது வேலைக்காக நகர்ந்து, புது வீடு அந்த வேலை இடத்துக்குப் பழையதைவிடக் குறைந்தது 40 கிலோமீட்டர் அருகில் இருந்தால், லாரி வாடகை, பயணம், வழியில் தங்கிய செலவு எல்லாவற்றையும் புது ஊரில் சம்பாதித்த வருமானத்திலிருந்து கழிக்கலாம். எல்லா ரசீதுகளையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.